காய்ந்தது ஊறினால் பச்சையாகும்

இனிமேல் என் வீட்டுச் சமையலில் பச்சை இலைக்கு இடமே கிடையாது என்று நான் சபதம் எடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை. சபதத்துக்குக் காரணம் நாலு முழம் மல்லிகைப்பூ.

அன்று சாயங்காலம் வேலை முடிந்து கிளம்பும்போது ஃப்ளோரா போன் செய்தாள். "ஏங்க, வரும்போது மல்லி வாங்கியாங்க." அவ்வளவுதான், வைத்துவிட்டாள். கல்யாணமாகி இருபத்து மூன்று வருஷத்தில் அவளாக வாயைத் திறந்து பூ கேட்டது அதுதான் முதல் தடவை. நான் உருகிப்போனேன். பாலக்கரையில் வண்டியை நிறுத்தி, நாலு முழம் அளந்து வாங்கி, வாழை இலையில் மடித்து, கதவைத் திறந்தவளிடம் புது மாப்பிள்ளை மாதிரி நீட்டினேன்.

பிரித்துப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அடுப்பைப் பார்த்தாள்.

"இதைக் கிள்ளிப் போடணுமா, முழுசா போடணுமா?"

"எதுல?"

"ரசத்துலங்க! கொத்தமல்லி வாங்கியாங்கன்னா பூவை வாங்கியாந்து நிக்கிறீங்களே."

"நீ மல்லின்னுதானே சொன்ன?"

"ரசம் கொதிக்கிற நேரத்துல பொம்பள மல்லி கேட்டா எதுக்குக் கேப்பா? பல்லைக் காட்டாதீங்க. போங்க, ஓடுங்க."

பூ அவள் தலைக்குப் போனது. நான் திரும்பவும் கடைவீதிக்குப் போனேன்.

இது ஒருநாள் கூத்து இல்லை. தினமும் காலை ஆறு மணிக்கு நான் கடைவீதியில் நிற்க வேண்டும். கருவேப்பிலை, கொத்தமல்லி, புதினா, இஞ்சி, பச்சை மிளகாய். ஃப்ளோராவுக்கு எல்லாம் அன்றன்றைக்குப் பறித்ததாக இருக்க வேண்டும். எதை வாங்கி வந்தாலும் அதில் ஒரு குறை இருக்கும். கொத்தமல்லிக்குத் தலை தொங்கிவிட்டது. இஞ்சியில் நார் ஏறிவிட்டது. புதினாவில் பூச்சி குடியிருக்கிறது. ஒருநாள் கருவேப்பிலையை முகர்ந்து பார்த்துவிட்டு, "இதுல கருவும் இல்ல, வேப்பும் இல்ல, இலை மட்டும்தான் இருக்குது" என்றாள்.

எனக்கு உத்தியோகம் விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில். ஒரு யூனிட்டில் சூளைக்குச் சூப்பர்வைசர். ஃபியூஸ் கேரியர், அகல் விளக்கு, பொம்மை, எது வந்தாலும் சுட்டுக் கொடுப்பேன். ஆயிரம் டிகிரிக்கு மேல் கொதிக்கிற சூளையை ஒரு பார்வையில் அடக்குகிற ஆள், ஒரு கொத்தமல்லிக் கட்டுக்கு இப்படிக் கூனிக் குறுகி நிற்கலாமா?

மறுநாள் சூளைக்கு மேலே இருக்கிற ரேக்கைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சுடுவதற்கு முன்னால் ஈரப் பொம்மைகளை அங்கேதான் காய வைப்போம். அப்போதுதான் மண்டையில் பல்பு எரிந்தது. மண்ணே காய்கிற இடத்தில் மல்லி காயாதா?

அடுத்த நாளே கருவேப்பிலை, கொத்தமல்லி, புதினா, இஞ்சி, பச்சை மிளகாய் ஐந்தையும் மூட்டையாக வாங்கினேன். தட்டுகளில் பரப்பினேன். களிமண் தூசு விழாமல் பழைய வேட்டியைப் போட்டு மூடி, ரேக்கில் ஏற்றினேன். இரண்டு மணி நேரத்தில் எல்லாம் மொறுமொறு. நிறம் மட்டும் ஐந்துக்கும் வைக்கோல் மாதிரி ஆகியிருந்தது. பரவாயில்லை, வைக்கோலும் ஒருகாலத்தில் பச்சையாக இருந்ததுதானே. எல்லாவற்றையும் மிக்ஸியில் அடித்து, மூடி கோணலாகிப் போய்த் தள்ளுபடியில் கிடந்த ஐந்து பீங்கான் ஜாடிகளில் போட்டு, பேரெழுதிக் காகிதம் ஒட்டி, வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமையல் மேடையில் வரிசையாக நிறுத்தினேன்.

"ஃப்ளோரா! இனிமே காலையில ஆறு மணிக்கு நான் கடைவீதிக்குப் போறதில்ல. ஒரு வருஷத்துக்கு வேண்டிய வாசனை இந்த அஞ்சு ஜாடியில இருக்குது. பச்சைக்குப் பதிலா இதைப் போடு."

கத்துவாள் என்று எதிர்பார்த்து ஒரு அடி பின்னால் நகர்ந்தே நின்றேன். அவள் கத்தவில்லை. ஜாடிகளை ஒன்றொன்றாகத் திறந்தாள், முகர்ந்தாள், மூடினாள்.

"பச்சைக்குப் பதிலா இது சரிப்படும்னா சொல்றீங்க?"

"பேஷா சரிப்படும்."

"ருசி மாறாது?"

"கூடும்."

"எனக்கு நம்பிக்கை இல்லீங்க. நான் போட்டா வேணும்னே கெடுத்துட்டேன்னு சொல்லுவீங்க. ஒரு வாரத்துக்கு நீங்களே சமைச்சுக் காட்டுங்க. நல்லா வந்துச்சுன்னா நான் வாயே தெறக்கல."

அவள் வாயே திறக்க மாட்டாளாம்! இப்படி ஒரு பரிசை எவனாவது வேண்டாம் என்று சொல்வானா? "சரி" என்றேன்.

எங்கள் ஒரே மகள் ஜெனிபர் பாண்டிச்சேரியில் நர்ஸிங் படிக்கிறாள், ஹாஸ்டலில் இருக்கிறாள். வீட்டில் நாங்கள் இரண்டே பேர். இரண்டு பேருக்குச் சமைப்பது ஒரு வேலையா?

திங்கட்கிழமை காலை ஐந்தரைக்கு அடுப்பைப் பற்றவைத்தேன். முதல் சந்தேகம் அளவில் வந்தது. பச்சையில் ஒரு ஸ்பூன் என்றால் காய்ந்ததில் எத்தனை? யோசித்தேன். காய்ந்த பொருளில் உயிர் இல்லை, சத்து இல்லை. அதனால் ஒன்றுக்கு மூன்று போட வேண்டும். இதைக் கண்டுபிடிக்க ஒரு சூப்பர்வைசர் மூளை தேவைப்பட்டது. ரசத்தில் மூன்று ஸ்பூன் கொத்தமல்லி, மூன்று ஸ்பூன் கருவேப்பிலை. வாழைக்காய்ப் பொரியலுக்கு இஞ்சிப் பொடி மூன்று ஸ்பூன்.

ரசம் ஏரித் தண்ணீர் நிறத்துக்கு வந்தது. ஒரு கரண்டி வாயில் விட்டேன். நாக்கு உள்ளே போய் ஒளிந்துகொண்டது. பொரியலைத் தொட்டேன். அது என்னைத் திருப்பித் தொட்டது, தொண்டை வரைக்கும்.

"எப்படி இருக்குது?" என்று ஹாலிலிருந்து குரல்.

"பிரமாதம்!"

டிபன் கேரியரில் போட்டு வைக்கிறேன் என்று அவள் உள்ளே வந்தாள். நான் தோற்றுப்போன முகத்தோடு குளிக்கப் போனேன். குளிக்கும்போது மாதா பாட்டு பாடுவது என் வழக்கம். அன்று சோகமாக இரண்டு பாட்டு அதிகமாகவே பாடினேன்.

மத்தியானம் யூனிட்டில் பயந்துகொண்டே கேரியரைத் திறந்தேன். கமகமவென்று ஒரு வாசனை. ரசம் தெளிவாக இருந்தது. வாயில் விட்டேன். ஒன்றும் புரியவில்லை. இன்னொரு தடவை விட்டேன். அருமை! பொரியலும் அருமை! மூடியைத் திருப்பிப் பார்த்தேன். என் பேர்தான் எழுதியிருந்தது. என் கேரியர்தான்.

சாயங்காலம் ஃப்ளோராவிடம் கேட்டேன்.

"மத்தியானம் ரசம் சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேங்க. ரெண்டு தடவை ஊத்திக்கிட்டேன்."

"கசக்கல?"

"ஏன், காலையில கசந்துச்சா?"

"இல்ல இல்ல. சும்மா கேட்டேன்."

அவள் புடவையை மடித்துக்கொண்டே சொன்னாள்: "காஞ்ச சாமான் இல்லீங்களா? போட்டவுடனே ருசி தெரியாது. ஊறணும். ஊற ஊறத்தான் அதுக்கு உசுரு வரும்போல."

எனக்கு மண்டைக்குள் ஜன்னல் திறந்தது. ஊறல்! ஐந்தரைக்குக் கசப்பது ஒரு மணிக்கு இனிப்பதற்கு வேறென்ன காரணம் இருக்க முடியும்?

செவ்வாய்க்கிழமை ஒரு விபத்து நடந்தது. அடுப்பு ஆவியில் ஜாடிக் காகிதங்கள் பிசின் விட்டுக் கழன்று கீழே விழுந்துவிட்டன. ஐந்து ஜாடியும் ஒரே அச்சில் வார்த்தவை. உள்ளே ஐந்தும் கிட்டத்தட்ட ஒரே நிறப் பொடி. முகர்ந்து கண்டுபிடிக்கலாம் என்று முதல் ஜாடிக்குள் மூக்கை விட்டேன். அது பச்சை மிளகாய். அதற்குப் பிறகு அன்று முழுக்க எனக்கு மூக்கு இருந்ததே தவிர அதனால் பயன் இல்லை. குத்துமதிப்பாக ஒரு ஜாடியிலிருந்து மூன்று ஸ்பூன் எடுத்து மீன் குழம்பில் கொட்டினேன். கொதித்தபோது, அடைத்த மூக்குக்கே தெரிகிற மாதிரி பற்பசை வாசனை வந்தது. புதினா!

மத்தியானம் அதே குழம்பில் புதினா இருந்ததற்கான தடயமே இல்லை. வஞ்சிர மீன் கருவேப்பிலையும் பூண்டுமாக மணத்தது.

அந்தப் புதினா எங்கே போனது? நான் சூளையில் வேலை பார்க்கிறவன். உள்ளே வைத்த பொருள் வெடிக்கலாம், கோணலாகலாம், நிறம் மாறலாம். காணாமல் போகாது. குழப்பத்தில் அன்று ஒரு தட்டு ஃபியூஸ் கேரியரை வெந்துவிட்டதா என்று பார்க்க மறந்து, இரண்டாம் முறை சூளைக்குள் அனுப்பிவிட்டேன்.

புதன்கிழமை நானே ஒரு சோதனை வைத்தேன். வேண்டுமென்றே ஐந்து ஜாடியிலிருந்தும் ஒவ்வொரு ஸ்பூன் எடுத்துக் கூட்டில் போட்டேன். ஆறாவதாக ஒரு ஸ்பூன் கண்ணை மூடிக்கொண்டு போட்டேன். மத்தியானம் கூட்டு தேவாமிர்தம். ஆனால் இந்தத் தடவை ஒரு தடயம் சிக்கியது. கூட்டுக்குள் முழுசாக ஒரு கருவேப்பிலை. பச்சைப் பசேலென்று, காம்போடு.

அதைக் கழுவி, சட்டைப் பையில் வைத்து, வீட்டுக்குக் கொண்டுவந்து ஃப்ளோராவின் முன்னால் நீட்டினேன்.

"இது என்ன?"

"கருவேப்பிலைங்க."

"பச்சையா இருக்குது."

"ஆமாங்க."

"நான் போட்டது பொடி. இது இலை. இதுக்கு என்ன சொல்ற?"

ஃப்ளோரா இலையை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், அவள் உதடு துடித்த மாதிரி இருந்தது.

"மிக்ஸியில எல்லா இலையும் ஒண்ணுபோல அரையுமா? ஒண்ணு ரெண்டு தப்பிச்சிருக்கும். காஞ்ச திராட்சையைத் தண்ணியில போட்டா உப்பல? அதுபோலத்தான். காஞ்சது ஊறுனா பச்சையாயிடும்."

நியாயமாகத்தான் பட்டது. நான் என் கண்டுபிடிப்பு எவ்வளவு பெரியது என்று நினைத்துப் புல்லரித்துப்போனேன்.

நான் பொடியை ஜாடியில் வைத்தேன். அவள் பேச்சில் வைத்தாள். அது எனக்கு அப்போது தெரியாது.

பக்கத்து வீட்டில் கொளஞ்சிநாதன் இருக்கிறார். கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். அவரும் என் ஜாதிதான், அதாவது காலை ஆறு மணி ஜாதி. அவருடைய சம்சாரம் பூர்ணிமாவும் பையைக் கொடுத்து அனுப்புவாள். அந்த வாரம் அவர் பை வழக்கத்தைவிட உப்பலாக வருவதைப் பார்த்தேன். "என்னாண்ணே, ரெண்டு கட்டு?" என்றேன். "தெரியலப்பா. வாங்கியாங்கன்னா வாங்கியாறேன். நான் எப்போ காரணம் கேட்டேன்?" என்றார்.

பாவமாக இருந்தது. அவருக்கு என் கண்டுபிடிப்பை விளக்கி, ஒரு டம்ளர் பொடியும் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை வாசலில் வந்து நின்றார். ஒரு கையில் டம்ளர்.

"ஆல்பர்ட்டு, ஊறுனா பச்சையாயிடும்னியே?"

"ஆமாண்ணே."

"முந்தாநேத்து ஊறப்போட்டேன். ரெண்டு நாள் ஆச்சு. இன்னும் இலை வரல."

டம்ளருக்குள் பார்த்தேன். சேறு இருந்தது.

"சும்மா தண்ணியில போட்டா வராதுண்ணே. குழம்புல போடணும்."

"அதையும் செஞ்சேன். சாம்பார்ல மூணு ஸ்பூன் போட்டேன். பூர்ணிமா ஒரு வாய் சாப்பிட்டுட்டு, இறங்குன்னுட்டா."

"எங்க இறங்கச் சொன்னாங்க?"

"வாசல்லதான். நாலு மணி நேரம் வாசல்ல உக்காந்திருந்தேன். முப்பது வருஷம் பஸ்ஸுல எத்தனை பேரை இறக்கி வுட்டிருப்பேன். என்னை ஒருத்தி இறக்கி வுட்டுட்டா."

எனக்கு மறுபடி குழப்பம். அதே பொடி, அதே மூன்று ஸ்பூன். என் வீட்டில் அமிர்தம், அவர் வீட்டில் சேறு. எவ்வளவு யோசித்தும் ஒரே ஒரு பதில்தான் கிடைத்தது.

"கை மணம்ணே" என்றேன் அடக்கமாக. "அது எல்லாருக்கும் அமையாது."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஃப்ளோராவின் அக்கா உபகாரமேரியும் அவர் கணவர் அமிர்தசாமியும் சேத்தியாத்தோப்பிலிருந்து வருவதாகச் சேதி வந்தது. அமிர்தசாமி அந்தக் குடும்பத்துக்கே பெரியவர். கோயில் பங்குப் பேரவையிலும் பெரியவர். அவர் முன்னால் சொன்ன வார்த்தையை யாரும் மாற்றிப் பேசியதாகச் சரித்திரம் இல்லை. ஃப்ளோரா கவலையோடு என்னைப் பார்த்தாள்.

"இன்னைக்கு நான் சமைச்சிடவாங்க? மாமாவுக்கு நாக்கு நீளம்."

"முடியாது! இன்னைக்குத்தான் அவருக்குத் தெரியணும், இந்த வூட்டுல யாரு சமையல்னு."

மட்டன் குழம்பு, ரசம், கத்தரிக்காய் வதக்கல். எல்லாவற்றிலும் ஜாடிகள் தாராளமாகக் கவிழ்ந்தன. ருசி பார்க்கவே இல்லை. எதற்கு? எப்படியும் கசக்கும். எப்படியும் ஊறி இனிக்கும்.

"அப்போ பஸ் ஸ்டாண்டுக்குப் போய் அவங்களைக் கூட்டியாங்க" என்றாள்.

"பதினொரு மணிக்குத்தானே வருவாங்க? இப்போ ஒம்பதரை."

"பஸ்ஸு முன்னாடியே வந்துட்டா?"

அதுவும் சரிதான் என்று போய், ஒன்றரை மணி நேரம் பஸ் ஸ்டாண்டில் நின்றேன்.

சாப்பாடு என்றால் அப்படி ஒரு சாப்பாடு. அமிர்தசாமி மூன்று தடவை குழம்பு வாங்கினார். கண்ணை மூடிக்கொண்டு ரசம் குடித்தார். ஏப்பம் விட்டுவிட்டு, "சகலை, நீயா சமைச்ச?" என்றார்.

"நானேதாண்ணே. ஒரு பச்சை இலை கிடையாது. எல்லாம் காஞ்சது."

"நெசமாவா ஃப்ளோரா?"

"மட்டன் வாங்குனதிலேர்ந்து பொடி போட்டது வரைக்கும் அவருதாங்க மாமா. சமைச்சு முடிக்கிற வரைக்கும் என்னை அடுப்பாண்ட வுடவே இல்ல."

இப்போது யோசித்தால், அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. முடிக்கிற வரைக்கும் என்றாள். ஒன்பதரைக்கு மேல் என்ன நடந்தது என்று யாரும் கேட்கவில்லை.

எனக்கு உச்சி குளிர்ந்தது. எழுந்து நின்று பேசினேன். சாப்பிட்ட கையைக்கூடக் கழுவவில்லை. "அண்ணே, சமையல் சமையல்னு பொம்பளைங்க அலட்டிக்கிறாங்க. ஒண்ணுமே இல்ல. அஞ்சு ஜாடி, இருபது நிமிஷம். எந்த ஆம்பளையும் செய்யலாம்."

ஃப்ளோரா மோர் ஊற்றிக்கொண்டே மெதுவாகக் கேட்டாள். "அப்போ நான் இல்லாட்டியும் இந்த வூட்டுல சமையல் நிக்காது, இல்லீங்களா?"

"நிக்காது!"

"தினமும் இல்லாட்டியும்?"

"வருஷம் முழுக்க இல்லாட்டியும் நிக்காது!"

"மாமா, நீங்க கேட்டுக்கிட்டீங்கல்ல?"

"கேட்டேன்" என்றார் அமிர்தசாமி.

"அக்கா, நீ?"

"நல்லா கேட்டுச்சு" என்றார் உபகாரமேரி.

ஃப்ளோரா மோர்ச் சொம்பை வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்து, அலமாரியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து வந்தாள். தொழிற்பேட்டையில் எங்கள் யூனிட்டிலிருந்து மூன்றாவது ஷெட்டில் பொம்மை செய்கிற சண்முகப்ரியா மேடம் எழுதிக் கொடுத்தது. கோயில் கிறிஸ்துமஸ் குடிலுக்கு ஃப்ளோரா வண்ணம் தீட்டிய சொரூபங்களைப் பார்த்ததிலிருந்து அந்த அம்மாள் அவளை வேலைக்குக் கேட்டுக்கொண்டே இருந்தார். ஃப்ளோராவும் என்னை இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்தான் சொன்னேன்: "நீ போயிட்டா வூட்டுல சமையலை யாரு பாக்கறது?"

"நாளையிலேர்ந்து வரச் சொல்லியிருக்காங்க மாமா" என்றாள். "காலையில எட்டு மணிக்கு. சமையல் ஒண்ணுதான் தடையா இருந்துச்சு. அதுவும் இப்போ தீந்துடுச்சு."

அமிர்தசாமி என் தோளில் தட்டினார். "பெரிய மனசு சகலை உனக்கு. சம்சாரத்துக்காக சமையலே கத்துக்கிட்டியே!"

உபகாரமேரிக்குக் கண் கலங்கிவிட்டது. நான் வாயைத் திறந்தேன். மூடினேன்.

திங்கட்கிழமை நான் குளித்துவிட்டு வந்தபோது ஃப்ளோரா புதுச் செருப்பு போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். "போயிட்டு வரேங்க. கேரியரை நீங்களே போட்டுக்குங்க." அன்றைக்கு நான் குளிக்கும்போது சமையலறையில் சத்தமே கேட்கவில்லை. அதற்கு முந்தைய நாட்களில் சத்தம் கேட்டதா என்று நினைத்துப் பார்த்தேன். பாட்டு பாடினால் எப்படிக் கேட்கும்?

மத்தியானம் கேரியரைத் திறந்தேன். மூடினேன். கொஞ்ச நேரம் ஊறட்டும் என்று காத்திருந்தேன். திறந்தேன். ஏரித் தண்ணீர் ஏரித் தண்ணீராகவே இருந்தது. மூன்று மணிக்கும் திறந்து பார்த்தேன். ஊறலில் ஒரு முன்னேற்றமும் இல்லை.

சாயங்காலம் விரல் நுனியில் நீல வண்ணத்தோடு வந்தவளிடம் கேட்டேன்.

"ஃப்ளோரா, உண்மையைச் சொல்லு. போன வாரம் என் ரசத்தை என்ன பண்ணின?"

"கொல்லையில வாழைக்கு ஊத்தினேன்."

"மீன் குழம்பு?"

"குழம்பை வாழைக்கு ஊத்திட்டு, மீனைக் கழுவி வேற குழம்பு வெச்சேன். வாழை மஞ்சளாயிடுச்சு பாருங்க, பாவம்."

"நான் சாப்பிட்டதெல்லாம்?"

"நான் வெச்சதுதான். நீங்க பாத்ரூம்ல பாடுற நேரம் எனக்குப் போதும். பச்சை சாமானுக்குப் பூர்ணிமாகிட்ட சொல்லியிருந்தேன், அவங்க வூட்டுக்காரரை விட்டு நமக்கும் சேத்து வாங்கிக் கொடுத்தாங்க. அந்த ஒரு கருவேப்பிலைதான் அவசரத்துல பொறுக்கி எடுக்காம வுட்டுட்டேன்."

"அப்போ ஊறுனா பச்சையாகாதா?"

"ஆகுமா?" என்றாள் அவள், நிஜமாகவே ஆச்சரியப்பட்டு.

கோபம் வந்த மாதிரி இருந்தது. வந்ததா என்று தெரியவில்லை. "இதுக்கு நேராவே கேட்டிருக்கலாமே?" என்றேன்.

"ரெண்டு வருஷமா நேராதானே கேட்டேன்?" என்றாள். பிறகு கொஞ்சம் குரலைத் தணித்தாள். "ஜெனிபர் ஹாஸ்டலுக்குப் போனதுலேர்ந்து மத்தியானத்துல வூடு எப்படி இருக்குது தெரியுமாங்க? டிவியில யாராவது கேள்வி கேட்டா நான் பதில் சொல்லிக்கிட்டு உக்காந்திருக்கேன். இன்னைக்கு நூத்தி இருவது பொம்மைக்குக் கண்ணு வெச்சேன். ஒவ்வொண்ணும் என்னைத் திரும்பிப் பாக்குது."

வேலையை விடு என்று சொல்லலாம் என்றால் அமிர்தசாமி ஞாபகத்துக்கு வந்தார். சொல்லாமல் இருக்கலாம் என்றால் நாளைய கேரியர் ஞாபகத்துக்கு வந்தது.

"சரி, அந்தப் பொடி அளவையாவது சொல்லு" என்றேன்.

சொல்லிக் கொடுத்தாள். காய்ந்தால் வாசனை குறையாதாம், சுருங்கி ஏறுமாம். பச்சையில் மூன்று ஸ்பூன் போடுகிற இடத்தில் காய்ந்தது ஒரு ஸ்பூன்தானாம். நான் அதைத் தலைகீழாகப் பிடித்து, வேண்டியதற்கு ஒன்பது மடங்கு போட்டிருக்கிறேன். கருவேப்பிலையையும் புதினாவையும் சூளைச் சூட்டில் வாட்டாமல் நிழலில் காய வைக்க வேண்டுமாம். காய்ந்ததை இறக்கும்போது தூவக் கூடாதாம், கொதிக்கும்போதே போட வேண்டுமாம். இஞ்சிக்குப் பதில் சுக்கு போட்டால் இஞ்சியின் வேலை பாதிதான் நடக்குமாம். கொத்தமல்லியைக் காய வைப்பதும் காகிதத்தைக் காய வைப்பதும் ஒன்றுதானாம்.

நான் கற்றுக்கொண்டேன். வேறு வழி? மூன்று மாசத்தில் என் ரசம் மனிதர்கள் குடிக்கிற நிலைக்கு வந்தது. ஃப்ளோராவும் வளர்ந்தாள். கண் வைக்கிற வேலையிலிருந்து புதுப் பொம்மைகளுக்குப் படம் வரைந்து கொடுக்கிற வேலைக்கு வந்துவிட்டாள். அவள் வரைந்தால் அதைப் பார்த்து அச்சு செய்கிறார்கள். இதெல்லாம் எனக்குப் பெருமைதான். யூனிட்டில் நாலு பேரிடம் சொல்லவும் செய்தேன்.

சண்முகப்ரியா மேடத்தின் ஷெட்டில் சூளை கிடையாது. பொம்மைகளை எங்களிடம்தான் சுட அனுப்புவார்கள். போன வாரம் அங்கிருந்து தள்ளுவண்டியில் பெட்டி பெட்டியாக வந்து இறங்கியது. புது மாடலாம். சென்னையில் ஏதோ பாத்திரக் கடைக்காரர் படத்தைப் பார்த்ததுமே ஐந்நூறு கேட்டிருக்கிறாராம். அவசரமாம்.

முதல் பெட்டியைப் பிரித்து ஒன்றை வெளியே எடுத்தேன். ஒரு ஆள் பொம்மை. லுங்கியை மடித்துக் கட்டியிருந்தான். முன்மண்டை வழுக்கை. தொங்கிய மீசை. வலது கையில் கரண்டி, இடது கக்கத்தில் ஒரு ஜாடி. உலகத்தில் ஒன்றுமே விளங்காதவன் மாதிரி முழித்துக்கொண்டிருந்தான். அந்த முழியை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. பக்கத்தில் நின்ற லோடு ஏற்றுகிறவர் பொம்மையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இருமிக்கொண்டே வெளியே போய்விட்டார்.

அன்று சாயங்காலம் வரைக்கும் என்னை நானே ஐந்நூறு தடவை தூக்கிச் சூளைக்குள் அடுக்கினேன்.